வேலையிடத்தில் காயப்பட்டால்: நட்டஈடு கேட்டுப் போகுமுன் கையில் இருக்கவேண்டியவை

அரிசி மில்லில் பெல்ட் கையை இழுத்தாலும், கட்டட சைட்டில் சாரம் சரிந்தாலும், நட்டஈடு கேட்கவேண்டியது இலங்கையின் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ். இதைத் தொழில் நியாய சபையில் போடுவது வீண். வேலைநீக்கம், பணிக்கொடை போன்றவைதான் அங்கே. விபத்து நட்டஈட்டை விசாரிப்பவர் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளர். அவருடைய அலுவலகம் கொழும்பில். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை தொழில் அலுவலகங்களில் வழி கேட்கலாம், தீர்ப்புக் கிடைக்காது.

நியமனக் கடிதம் இல்லையே என்று பின்வாங்கவேண்டாம். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். கூலி நாட்கணக்கா, மூட்டைக் கணக்கா என்பதும் தடையில்லை.

படி 1: ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வார்த்தை

பெரும்பாலான கோரிக்கைகள் சறுக்குவது இங்கேதான். காயப்பட்டவரைக் கூட்டிவரும் மேற்பார்வையாளர் வழியிலேயே சொல்லிக் கொடுப்பார்: "மில்லில நடந்ததெண்டு சொல்லாத, பொலிஸ் கேஸ் வரும். வீட்ட விழுந்ததெண்டு சொல்லு, செலவ முதலாளி பார்ப்பாரு." வலியில் இருப்பவர் அப்படியே சொல்வார், வார்ட் டிக்கெட்டின் (நோயாளி பற்றி வார்ட்டில் எழுதும் பதிவின்) முதல் பக்கத்தில் அதுவே பதிவாகும். வேலையின் காரணமாகவும் வேலை நேரத்திலும் நடந்தது என்று காட்டும் பொறுப்பு தொழிலாளியுடையது. தகராறு தொடங்குமுன் எழுதப்பட்ட அந்த ஒரு வரிக்கு இருக்கும் பெறுமதி, ஆறு மாதம் கழித்து வரும் நான்கு சாட்சிகளுக்கு இருக்காது.

எனவே இடம், இயந்திரம், நேரம் மூன்றையும் சொல்லுங்கள்: "காலை பத்து மணிபோல, மில்லில், உமி நீக்கும் மெசின் பெல்டில் வலது கை மாட்டியது." பேசமுடியாத நிலையென்றால் வீட்டார் சொல்லவேண்டும்.

பிழையாக எழுதியாகிவிட்டதா? அழித்துத் திருத்தக் கேட்காதீர்கள். அது சந்தேகத்தைக் கூட்டும். வார்ட்டில் இருக்கும்போதே வைத்திய அதிகாரியிடம் உண்மையைச் சொல்லி, அன்றைய திகதியில் புதிய குறிப்பாகப் பதியச் சொல்லுங்கள். துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) வீட்டுக்கு வந்துவிட்டால், பொலிஸ் முறைப்பாட்டில் முதலில் ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூட நின்ற இரண்டு பேரின் சத்தியக்கடதாசியும் வேண்டும்.

படி 2: பொலிஸ் பதிவும் சட்ட வைத்திய அறிக்கையும்

விபத்து நடந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்தில் பதிந்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தைப் பொலிஸார்தான் வழங்குவார்கள். வீட்டுக்கு விடும்போது தரும் நோய் நிர்ணய அட்டையை லேமினேட் செய்யவேண்டாம், பின்னால் யாரும் அதில் எழுதவோ முத்திரை குத்தவோ முடியாது. நிரந்தர இயலாமை எத்தனை வீதம் என்பதைக் காயம் ஆறியபின் எழுதுவதே சரி. புண் ஆறுமுன் வாங்கும் வீதம் பெரும்பாலும் குறைவாகவோ தெளிவில்லாமலோ இருக்கும்.

படி 3: வேலைகொடுநருக்கு எழுத்தில் அறிவித்தல்

முடிந்தளவு விரைவாக அனுப்பவேண்டும். சட்டத்தமிழ் தேவையில்லை. காயப்பட்டவரின் பெயர், முகவரி, விபத்து நடந்த திகதி, காயத்தின் காரணம். இவை சாதாரண மொழியில் இருந்தால் போதும். தொலைபேசியில் சொன்னோம், வாட்ஸ்அப் போட்டோம் என்பதை நம்பியிருக்காதீர்கள். பதிவுத் தபால்தான் சிறந்தது. தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியின் முதுகில் ஒட்டிவையுங்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதில்தான் சைட் வேலைக்காரர் தடுமாறுவார்கள். கூலி தருபவர் சிறு கொந்தராத்துக்காரர், கட்டடமோ ஒரு கம்பெனியின் ஒப்பந்தம். கம்பெனி தன் தொழிலின் ஒரு பகுதியை அவரிடம் கொடுத்திருந்தால் கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. இருவருக்கும் தனித்தனியே அனுப்புங்கள்.

படி 4: சம்பளத்துக்கு ஆதாரம்

நட்டஈடு சம்பளத்தை வைத்துத்தான் கணிக்கப்படும். ஊழியர் சேமலாப நிதியில் தொழிலாளி 8, முதலாளி 12, மொத்தம் 20 வீதம். உண்மைச் சம்பளம் 60,000 ரூபாயென்றால் மாதம் 12,000 போகவேண்டும். கணக்கில் 4,000 மட்டும் இருந்தால் ஏட்டில் உங்கள் சம்பளம் 20,000. மீதியை நிரூபிக்க வங்கிக் கணக்குக் கூற்று, சம்பளத் துண்டு, நாட்கூலிக் கொப்பி என விபத்துக்கு முந்திய 12 மாதத்துக்குரியதைச் சேருங்கள்.

படி 5: ஒரு வழியைத் தெரிவுசெய்தல்

மாவட்ட நீதிமன்றத்தில் கவனயீனத்துக்காக வழக்குப் போட்டுவிட்டு, அதே காயத்துக்கு ஆணையாளரிடமும் கேட்கமுடியாது. நீதிமன்ற வழியில் முதலாளியின் தவறை நிரூபிக்கவேண்டும், காலாவதி 2 வருடம். ஆணையாளர் வழியில் தவறை நிரூபிக்கவேண்டியதில்லை, ஆனால் தொகைக்கு உச்ச வரம்பு உண்டு: 2022 திருத்தத்தின் பின் 20 இலட்சம் ரூபாய், அதற்குமுன் 5,50,000. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்துகளையும் அதே திருத்தம் சேர்த்தது. கை விரல், கால் போன்ற காயங்களுக்கு ஆணையாளர் வழியே நல்லது என்பது என் கருத்து. எந்த வழியானாலும் ஆறு மாதத்தைத் தாண்டவிடாதீர்கள்.

படி 6: கோரிக்கைக் கடிதம்

முதலாளியிடம் கேட்டும் தீரவில்லை என்று காட்டியபின்தான் ஆணையாளருக்கான விண்ணப்பம் வலுப்பெறும். தொகையைக் குறிப்பிட்டு, 14 நாள் தவணை கொடுத்து, இதையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இந்த இடைவெளியில் ஒரு கட்டுக் காசோடு வெள்ளைக் கடதாசி நீளும். "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்ற எழுத்துச் சட்டத்தில் செல்லாது, ஆனாலும் கையெழுத்திடாதீர்கள். பின்பு அதை விளக்குவதற்கே ஒரு தவணை போய்விடும். மரணமென்றால் நட்டஈடு ஆணையாளரிடம் வைப்பிலிடப்படவேண்டும், முதலாளி குடும்பத்தின் கையில் கொடுத்துக் கணக்கு முடிக்கமுடியாது.

பிறகு சேர்த்தது: பெயர்ச் சிக்கல்

அடையாள அட்டையில் முழுப்பெயர், ஆஸ்பத்திரியில் கூப்பிடும் பெயர், சேமலாப நிதியில் தலைப்பெழுத்து மாறிய பெயர் என்று மூன்றும் மூன்று விதமாக இருந்தால், மூவரும் ஒருவரே என்று கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிப் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் எடுங்கள். இறந்தவரின் குடும்பமென்றால் மரண, விவாக, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு மரண விசாரணை அறிக்கையும் தேவை. எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுங்கள், மூலப்பிரதி எதையும் தபாலில் அனுப்பாதீர்கள்.