பழைய ஜீப்பில் அஞ்சு கியர் பாக்ஸ் ஏற்றப்போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போடி, கம்பம் பக்கம் பழைய மஹிந்திரா சிஜே3பி ஜீப் வைத்திருக்கிற தம்பிகள் அடிக்கடி கேட்பது ஒன்றுதான். "அண்ணே, மூணு கியரை இறக்கிட்டு அஞ்சு கியர் போட்டுரலாமா?" போடலாம், தாராளமாகப் போடலாம். ஆனால் கியர்பாக்ஸ் என்பது தனியாக ஒரு சாமான் இல்லை. எஞ்சினைச் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டில் தொடங்கி பின் சக்கரம் வரை ஒரே கோடு, அந்தக் கோட்டின் நடுவில் கை வைக்கிறீர்கள். இதை மறந்துவிட்டு வேலையில் இறங்குவதால்தான் வண்டி மாதக்கணக்கில் பட்டறையில் நிற்கிறது.

எல்லோரும் ஐந்தாவது கியரையே பார்க்கிறார்கள், முதல் தவறு அது. சிஜே3பியில் இருக்கும் பழைய டி-90 பாக்ஸில் முதல் கியரின் விகிதம் 2.798 (எஞ்சின் இத்தனை சுற்று சுற்றினால் பாக்ஸின் பின்னால் ஒரு சுற்று), இரண்டாவது 1.551, மூன்றாவது நேர் 1. ஆக்ஸிலின் நடுவில் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் 5.38. 6.00-16 டயரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் சுமார் 3,150 சுற்று சுற்றும், காது வலிக்கும். ஐந்தாவது கியர் 0.8 என்று வந்தால் அதே வேகத்தில் 2,500 சுற்றுதான். தேனி ரோட்டில் சுகமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்துப் பாதையில் ஆளும் மூட்டையுமாக ஏறும்போது உங்களைக் காப்பாற்றுவது முதல் கியர்தான். பழைய பாக்ஸில் டிரான்ஸ்ஃபர் கேஸின் (சக்தியை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) லோ கியர் 2.46, அதை 2.798 ஆலும் 5.38 ஆலும் பெருக்கினால் மொத்தம் 37 மடங்கு இழுவை. புதிய பாக்ஸின் முதல் கியர் 3.5 என்று வைத்துக்கொள்ளுங்கள், 46 வரும். மலையில் ஓடுகிற வண்டிக்கு உண்மையான லாபம் இந்த 46 தான்.

இந்த லாபத்தைக் கிடைத்த கையோடு தொலைக்கிறவர்களும் உண்டு. "ரோட்டுல இன்னும் கொஞ்சம் ஓடட்டும்" என்று கிரவுன் பினியனையும் 4.27க்கு மாற்றிவிடுவார்கள். இப்போது கணக்குப் போடுங்கள், 3.5, 2.46, 4.27 மூன்றையும் பெருக்கினால் 36.8. இவ்வளவு செலவு செய்து பழைய இடத்துக்கே வந்துவிட்டீர்கள். அதைவிட மோசம், பின்னால் மட்டும் மாற்றிவிட்டு முன் ஆக்ஸிலை அப்படியே விடுவது. ஃபோர் வீல் போட்டதும் முன் சக்கரம் ஒரு வேகம், பின் சக்கரம் ஒரு வேகம் என்று இழுத்துக்கொள்ளும், ஏதாவது ஒரு பல்லோ ஷாஃப்ட்டோ போய்த்தான் நிற்கும்.

அடுத்தது நீளம், என் அனுபவத்தில் பணம் அதிகமாக வீணாகிற இடம். சிஜே3பியின் வீல்பேஸ் வெறும் 80 அங்குலம். அஞ்சு கியர் பாக்ஸ் கூடுதல் நீளம், அதைப் பழைய எஞ்சினோடும் கேஸோடும் இணைக்கும் அடாப்டர் பிளேட் வேறு, ஆக டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் தள்ளிப்போகும். அங்கிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் பின் ஜாயின்ட் ஷாஃப்ட் அந்த அளவுக்குக் குட்டையாகும், முன் ஷாஃப்ட் நீளும். உதாரணத்துக்கு 20 அங்குல ஷாஃப்ட், இரு முனைக்கும் உயர வித்தியாசம் 6 அங்குலம் என்றால் சாய்வு சுமார் 17 டிகிரி. 15 அங்குலமாகக் குறைத்தால் 22 டிகிரி. அந்த 5 டிகிரியை ஷாஃப்ட் முனையில் மடங்கிக் கொடுக்கும் ஜாயின்ட் கிராஸ்தான் தாங்க வேண்டும். வண்டி உதறும், கிராஸ் அடிக்கடி போகும், ஆள் டயர்தான் காரணம் என்று போய் அதை பேலன்ஸ் செய்துகொண்டிருப்பார். லேத்தில் ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டும்போது இரண்டு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவையான யோக் ஒரே நேரில் இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், வெட்டுமுன் சாக்பீஸில் ஒரு நேர்கோடு போட்டுக்கொண்டால் போதும்.

ஹேண்ட் பிரேக்கை யாரும் நினைப்பதே இல்லை. சிஜே3பியில் அது சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் முனையில் ஒரு டிரம்மாக இருக்கிறது. கேஸ் பின்னால் போனால் லிங்கேஜ் எட்டாது, கேஸையே மாற்றினால் ஹேண்ட் பிரேக்கே இருக்காது. மேட்டில் ஆளை இறக்கும்போது கல் வைத்து நிறுத்துகிற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி ஓட்டாதீர்கள். பிரேக்குக்கு வழி செய்துவிட்டு அப்புறம் பழைய பாக்ஸை இறக்குங்கள்.

பழைய டிரான்ஸ்ஃபர் கேஸையே வைத்துக்கொள்வதானால் இரண்டு விஷயம். பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் பின் முனையில் உட்காரும் கியரில் 26 பல், 29 பல் என்று வகை உண்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது. எண்ணிப் பார்த்து வாங்குங்கள். பழைய அமைப்பில் பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இடையே ஆயில் போய்வரும். புதிய பாக்ஸின் பின்னால் சீல் இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும், இரண்டுக்கும் தனித்தனியாக அளவு பார்த்து ஊற்ற வேண்டும்.

ஆயிலிலேயே இன்னொரு தவறு. டிஃபரன்ஷியலுக்கு வாங்கிய ஜிஎல்-5 தர ஆயில் மிச்சம் இருக்கிறதென்று பாக்ஸிலும் ஊற்றிவிடுவது. ஜிஎல்-4 கேட்கிற பாக்ஸில் ஜிஎல்-5 போட்டால் கியர் மாறும்போது பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் காலப்போக்கில் கெடும், கியர் விழும்போது கரகரக்கும்.

சென்னைப் புதுப்பேட்டையிலோ வேறெங்கோ பழைய பாக்ஸ் வாங்கும்போது வெளியே அடித்திருக்கும் பெயின்ட்டைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை அப்படி ஏமாந்தேன், வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் மூன்றாவது கியர் சின்க்ரோ தேய்ந்து வழவழவென்று இருந்தது. இப்போது டிரெயின் போல்ட்டைக் கழற்றி கொஞ்சம் ஆயிலை உள்ளங்கையில் விட்டு வெயிலில் பிடிப்பேன். பொன்னிறமாக மினுமினுத்தால் பித்தளை, சின்க்ரோ கரைந்துகொண்டிருக்கிறது. சாம்பல் நிறக் குழம்பு என்றால் பரவாயில்லை, வயதுக்கேற்ற தேய்மானம். நகம் போலச் சில் சில்லாக இரும்பு வந்தால் பாக்ஸை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஆயிலை முன்பே வடித்துவிட்டோம் என்று சொன்னால் மேல் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

ஏற்றும்போது எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் நடுத்துளை கிராங்கின் மையத்தோடு சேர்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும், முழுச் சுற்றில் முள் 0.13 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக்கூடாது. அடாப்டர் போட்ட வண்டியில் இதைத் தவிர்த்தால் கிராங்கின் முனையில் இருக்கும் பைலட் பேரிங்கும் பாக்ஸின் முன் பேரிங்கும் சீக்கிரம் சத்தம் போடும். கடைசி ஒரு அங்குலம் உள்ளே போகவில்லை என்று போல்ட்டை முடுக்கி இழுக்கவே கூடாது, போல்ட் மாட்டும் காது உடையும், பாக்ஸின் எடை கிளட்ச் பிளேட்டில் தொங்கி பிளேட் வளையும். ஜாக்கியில் தாங்கி, பின்னாலிருந்து ஷாஃப்ட்டை மெல்லத் திருப்பினால் தானாக உட்காரும். உட்காரவில்லையா, சரி, வெளியே எடுத்து ஏன் என்று பாருங்கள்.

பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரை கேஸ் கட்டரில் அறுத்து சேஸிஸில் ஒட்டவைக்கிற வேலையும் வேண்டாம், துளை போட்டு போல்ட்டில் மாட்டும்படி புதிதாகச் செய்யுங்கள். டூ வீல் டிரைவ் ஜீப்பை ஃபோர் வீல் டிரைவாக்குவது போன்ற மாற்றங்களுக்கு, வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு குறுக்கே வரும், அதை ஆர்டிஓ அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டி 300 கிலோமீட்டர் ஓடியதும் பாக்ஸ் ஆயில், டிரான்ஸ்ஃபர் ஆயில் இரண்டையும் வடித்து மறுபடி உள்ளங்கையில் விட்டுப் பாருங்கள். அடாப்டர் போல்ட், மவுன்டிங் போல்ட் எல்லாவற்றையும் அன்றே ஒரு சுற்று முடுக்கிவிட்டு, அப்புறம் ஆளேற்றி மேலே போங்கள்.