ரெக்கார்டு பிளேயரை உடையாமல் பார்சலில் அனுப்புவது எப்படி?

புதுச்சேரியிலிருந்து கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணனுக்கு டர்ன்டேபிளை லாரி பார்சலில் அனுப்பினேன். பத்திரமாகப் போய்ச் சேர்ந்து நன்றாகப் பாடுகிறது. வெளியே எத்தனை சுற்று பபுள் ரேப் சுற்றினாலும், உள்ளே ஆடும் பாகங்களைக் கட்டாவிட்டால் அவையே இடித்து உடைத்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில் ஊசி. அதற்கு மூடியைப் போடுங்கள். ஊசி பொருந்தியிருக்கும் முனைப்பகுதியான ஹெட்ஷெல் கழலும் வகை என்றால் கழற்றிச் சின்ன டப்பாவில் வையுங்கள். ஊசியைத் தாங்கும் கையின் பின்னால் இருக்கும் எடையையும் எடுத்துவிட்டு, கையை அதன் தாங்கியோடு சேர்த்துக் கட்டுங்கள். பிரவுன் டேப் வேண்டாம், பசை போகாது. பேப்பர் டேப் போதும்.

அடுத்து, ரெக்கார்டை வைக்கும் சுழல்தட்டு. இங்கே அவசரப்படக் கூடாது. தட்டை அப்படியே விட்டால், வண்டி குலுங்கும்போதெல்லாம் அதன் எடை நடு அச்சின் பேரிங்கில் இடிக்கும். எகிறினால் கையையும் வளைத்துவிடும். ரப்பர் விரிப்பை எடுங்கள். மோட்டார் பெல்ட் மூலம் தட்டைச் சுழற்றும் வகையில், தட்டில் உள்ள துளையை மோட்டார் கப்பிக்கு நேரே கொண்டுவந்து, விரலால் பெல்ட்டை விடுவியுங்கள். பிறகு எதிரெதிர்த் துளைகளில் விரல் கொடுத்து நேர் மேலே தூக்குங்கள். வரவில்லையா? ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பாதீர்கள். சில மாடல்களில் அச்சைச் சுற்றி ஒரு சின்ன கிளிப் இருக்கும்; அதைக் கழற்றினால்தான் தட்டு வரும். எடுத்த தட்டைத் தனியாகச் சுற்றி, பெட்டியின் அடியில், பிளேயருக்குக் கீழே வையுங்கள்.

மேல்மூடியைப் பழைய வேட்டியில் சுற்றுங்கள், கீறல் விழாது.

பெட்டிக்குள் பெட்டி கட்டாயம். ஐந்தடுக்கு அட்டைப்பெட்டியாகப் பாருங்கள். மார்க்கெட்டில் கிடைக்கும் பழப்பெட்டி தாங்காது. இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடைவெளி விட்டு நிரப்புங்கள். தெர்மோகோலை விட வெள்ளை ஃபோம் ஷீட்டையே நான் சிபாரிசு செய்வேன். தெர்மோகோல் ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான். ஃபோம் திரும்ப எழும்பும். பெட்டியை ஆட்டிப் பாருங்கள், சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி நிரப்புங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அனுப்பினால் உள்பெட்டியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலமும் வையுங்கள். நம் ஊர் அடைமழையை அட்டை தாங்காது.

பின்சேர்க்கை: ஸ்பிரிங் மேல் நிற்கும் பிளேயரை என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவற்றில் பலவற்றில் பயணத்துக்கென்றே பூட்டும் திருகுகள் இருக்கும். முதல் வேலையாக அவற்றை இறுக்குங்கள். தொலைந்திருந்தால் ஸ்பிரிங் மேல் நிற்கும் பலகைக்கு அடியில் ஃபோம் துண்டுகளைச் செருகுங்கள். எதைச் செய்திருந்தாலும், "திருகைத் தளர்த்திய பிறகே ஓட்டவும்" அல்லது "ஃபோமை எடுத்த பிறகே ஓட்டவும்" என்று ஒரு தாளில் எழுதி மேல்மூடியில் ஒட்டிவிடுங்கள்.