ஆக்சஸ் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது?

என்னிடம் வரும் பழைய மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸ் கோப்புகளில் பாதிக்கு மேல் ஒரே வியாதிதான்: ஃபோல்டர் பாதையை விபிஏ நிரலுக்குள் அப்படியே எழுதி வைத்திருப்பார்கள். கோப்பை வேறு கணினிக்கு மாற்றியதும் எல்லாம் படுத்துவிடும்.

ஆக்சஸ் 2000 முதல் இதற்கு ஒரே வரி போதும்: கரன்ட்ப்ராஜெக்ட் டாட் பாத். கன்ட்ரோலும் ஜி-யும் சேர்த்து அழுத்தினால் இம்மீடியட் விண்டோ, அதாவது ஒரு வரியைத் தட்டி உடனே விடை பார்க்கும் ஜன்னல், திறக்கும். அங்கே ஒரு கேள்விக்குறி போட்டு இதைத் தட்டி என்டர் கொடுங்கள், ஃபோல்டர் பாதை வந்துவிடும். பாத் என்பதற்குப் பதில் நேம் என்றால் கோப்பின் பெயர் மட்டும். ஃபுல்நேம் என்றால் இரண்டும் சேர்த்து.

பாதையின் கடைசியில் பின்சாய்வுக்கோடு வராது. படம், எக்செல் என்று பக்கத்துக் கோப்பைத் திறக்கும்போது அதை நீங்கள்தான் நடுவில் ஒட்ட வேண்டும்.

கர்டிர் என்ற ஃபங்ஷனைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். வேண்டாம். அது காட்டுவது அந்த நேரத்து நடப்பு ஃபோல்டரை. உங்கள் கோப்பு அங்கே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

சரி, டேட்டாபேஸை இரண்டாகப் பிரித்து, டேபிள்களை சர்வரில் வைத்திருந்தால்? அப்போது கரன்ட்ப்ராஜெக்ட் சொல்வது முன்பக்கக் கோப்பின், அதாவது நீங்கள் திறந்திருக்கும் கோப்பின், இடத்தை மட்டுமே. டேபிள்கள் இருக்கும் பின்பக்கக் கோப்பின் இடம் வேண்டுமென்றால், கரன்ட்டிபி-யின் (திறந்திருக்கும் டேட்டாபேஸின்) டேபிள் பட்டியலான டேபிள்டெஃப்ஸில் இணைக்கப்பட்ட ஒரு டேபிளை எடுத்து அதன் கனெக்ட் பண்பைப் படியுங்கள். அதில் டேட்டாபேஸ் என்ற சொல்லும் சமக்குறியும் வரும். அதன் பிறகு இருப்பதுதான் முழுப் பாதை. பின்னாலிருந்து தேடும் இன்ஸ்டர்ரெவ் ஃபங்ஷன் கொண்டு கடைசிப் பின்சாய்வுக்கோட்டைத் தேடி, லெஃப்ட் ஃபங்ஷன் கொண்டு அதுவரை வெட்டினால் ஃபோல்டர் மட்டும் மிஞ்சும்.