ஊதிப் பெருத்த தூண் பாறை
கொடைக்கானலில் நாங்கள் நடத்தும் தங்கும் விடுதிக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்திருந்தேன். மாதிரி வந்தது. சுமார் 400 அடி உயரத் தூண் பாறை, பக்கவாட்டில் இழுபட்டு இட்லி மாதிரி உட்கார்ந்திருந்தது. ‘தி ராக் ஈஸ் ப்ளோன் அவுட் ஆஃப் ப்ரொபோர்ஷன்’ என்று அச்சகத்துக்கு மெயில் போட்டேன். அவர்களோ படத்தைத் தொடாமல், பாறையைப் பற்றிய வர்ணனையைக் குறைத்து அனுப்பினார்கள்!

அப்புறம்தான் அகராதியைப் புரட்டினேன். ‘ப்ளோன்’ சேர்ந்தால் நம்ம ‘ஊதிப் பெரிதாக்குவது’. சண்டை, வதந்தி மாதிரி விஷயங்களுக்குத்தான் அது பொருந்தும். உருவத்தின் அளவு கெட்டால் வெறும் ‘அவுட் ஆஃப் ப்ரொபோர்ஷன்’ போதும். சிலர் ‘போர்ஷன்’ என்றே எழுதிவிடுகிறார்கள். அது வாடகைக்கு விடுவது. சரி, ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினேன். மறுநாளே பாறை நிமிர்ந்து வந்தது.