ஒரே கோடு, நாற்பது புள்ளி: தெருக்கோலம் போட்டு ஆட்டிசத்தைப் பேசுவது எப்படி?

சில வருடங்களுக்கு முன் ஓர் ஏப்ரல் 2 அன்று, ஆட்டிச விழிப்புணர்வுப் பேரணி ஒன்றுக்கு என் மகனைக் கூட்டிப்போனேன். பேண்டு வாத்தியம், மைக், கொத்துக் கொத்தாக நீல பலூன்கள். முதல் பலூன் வெடித்ததுமே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டான். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். ஃபேன் சத்தம்கூட வேண்டாம் என்று அதையும் அணைத்துவிட்டு, சாயங்காலம் வரை இருட்டு அறையில் கிடந்தான். அவனுக்காக நடந்த நிகழ்ச்சியில் அவனால் கால் மணி நேரம் நிற்க முடியவில்லை.

அடுத்த வருடம் எங்கள் தெருவிலேயே, மைக் இல்லாமல், கோலம் போட்டோம். அதை எப்படிச் செய்தோம் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பத்துக் குடும்பங்களும் ஒரு காலைப்பொழுதும் இருந்தால் போதும். படம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படி 1: ஆளுக்கு ஒரு வாக்கியம் வாங்குங்கள்

கோலமாவு வாங்கப் போகும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் தெருக்காரர்கள் உங்களைப் பற்றி எதைத் தெரிந்துகொண்டால் நாளைக்கே உதவியாக இருக்கும்?" பேசாத பிள்ளைகள் படஅட்டையில் காட்டலாம், டேப்லெட்டில் தட்டலாம். அவசரப்படுத்தாதீர்கள். எங்களுக்கு எல்லா வாக்கியமும் வந்துசேர இரண்டு வாரம் ஆனது. வந்தவற்றில் சில:

"கேள்வி கேட்டுவிட்டுப் பத்து நொடி காத்திருங்கள். பதில் வரும்."

"உங்கள் முகத்தைப் பார்க்காவிட்டாலும் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்."

"நான் கையை உதறினால் சந்தோஷமாக இருக்கிறேன் என்று அர்த்தம்."

"என் தம்பியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அவனிடமே கேளுங்கள்." இதை எழுதிக் கொடுத்தது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஓர் அக்கா.

ஆட்டிசம் என்றால் என்ன என்று பத்து பாயிண்ட் அடித்து ஒட்டுவதைவிட இப்படி ஒரு வரி அதிகம் வேலை செய்கிறது. ஏனென்றால் அதைப் படித்தவர் வீட்டுக்குப் போகிற வழியிலேயே அதன்படி நடந்துகொள்ள முடியும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். "பாதிக்கப்பட்டவர்", "நோயாளி" இரண்டும் வேண்டாம். அரசு ஆவணங்களில் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று ஒரு சொல் உண்டு. "மதி இறுக்கம்" என்பதும் உண்டு. முதல் சொல்லை நான் எந்த அட்டையிலும் எழுத மாட்டேன். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே அது யார் வீட்டு வண்டி என்று சத்தத்தை வைத்துச் சொல்கிறவன் என் மகன். புற உலகம் அவனுக்கு நம்மைவிட அதிகமாகவே கேட்கிறது, அதுதான் அவன் சிரமம். "ஆட்டிசம்" என்றே எழுதுங்கள், எல்லோருக்கும் புரியும்.

படி 2: எந்தக் குறியீடு?

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2007 டிசம்பரில் தீர்மானம் போட்டு, 2008 முதல் ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாக இருந்து வருகிறது. அன்று எங்கு பார்த்தாலும் நீலமும், ஜிக்சா புதிரின் ஒற்றைத் துண்டும்தான். அந்தத் துண்டு 1963-இல் பிரிட்டனில் பெற்றோர் சேர்ந்து நடத்திய சங்கத்தில் பிறந்தது. உள்ளே அழுகிற குழந்தையின் படம் இருந்தது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இதை ஏற்பதில்லை. "நாங்கள் புதிரும் இல்லை, எங்களிடம் துண்டு எதுவும் தொலையவும் இல்லை" என்பது அவர்கள் பக்கம். அவர்கள் விரும்புவது முடிவிலிக் குறி, அதாவது படுத்த எட்டு.

சரி, படுத்த எட்டை நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டுமா? சிக்குக்கோலத்தின் முதல் பாடமே அதுதானே! இரண்டு புள்ளி வைத்து, முதல் புள்ளியைச் சுற்றிவந்து, நடுவில் குறுக்காகக் கடந்து, இரண்டாவதைச் சுற்றித் திரும்பினால் முடிவிலி. புள்ளிகளை ஒரே வரிசையில் நாலாக்கினாலும் நாற்பதாக்கினாலும் கோடு ஒன்றேதான். தொடங்கின இடத்துக்கே வந்து சேரும். இதைத்தான் தெரு நீளத்துக்குப் போடப்போகிறோம்.

படி 3: இடம், நேரம், அனுமதி

வண்டி ஓடாத இடமாகப் பாருங்கள்: அடுக்குமாடி வளாகத்தின் உள்பாதை, முட்டுச்சந்து, பூங்கா நடைபாதை. நேரம் காலை 6 முதல் 8. ஏப்ரல் வெயிலில் ஒன்பது மணித் தரை வெறுங்காலுக்குத் தாங்காது. நலச்சங்கத்திடமும் வார்டு கவுன்சிலரிடமும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். கோலம் போதாது, சுவரிலும் வரைவோம் என்றால் உரிமையாளரின் எழுத்து அனுமதி கட்டாயம் வேண்டும். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க தமிழ்நாட்டில் 1959-லிருந்தே சட்டம் இருக்கிறது.

மைக், பட்டாசு, பலூன், பத்தி, வாசனை ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். பக்கத்தில் ஒரு வீட்டின் அறையை அமைதி அறையாகக் கேட்டு வாங்குங்கள். பாய், தண்ணீர், மங்கலான வெளிச்சம் போதும். உள்ளே போகிறவரிடம் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது.

ஒரு வாரம் முன்பே குழந்தைகளை அந்த இடத்துக்கு ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் "முதலில் கோலம், அப்புறம் இட்லி, அப்புறம் வீடு" என்று மூன்று படம் ஒட்டின அட்டை ஒன்று கொடுங்கள். அடுத்து என்ன என்பது தெரிந்தால் பாதிப் பதற்றம் குறையும்.

படி 4: மாவு

நாங்கள் முதலில் தவறவிட்டது இதைத்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். கடையில் விற்கிற வெள்ளைக் கோலமாவு பெரும்பாலும் கல்மாவு. எதையும் வாயில் வைத்துப் பார்க்கிற குழந்தை இருந்தால் அதுவும் வண்ணப்பொடியும் வேண்டாம். வீட்டு அரிசிமாவே போதும்.

அடுத்தது தொடுகை. சில பிள்ளைகளுக்கு மாவு விரலில் ஒட்டுவதே தாங்காது. ஒத்திகையில் ஒரு சிறுமி ஒரு சிட்டிகை எடுத்ததும் கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வரைய ஆசை இருந்தது, மாவைத் தொடத்தான் முடியவில்லை. அவளுக்காக அரிசிமாவைத் தோசைமாவைவிடக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து, வடிகட்டி, சாஸ் ஊற்றும் பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பிக் கொடுத்தோம். அமுக்கினால் கோடு வந்தது. நிமிரவே இல்லை, அரை மணி நேரம் போட்டாள். இன்னும் சிலருக்கு எதிர்மாறு: மாவுக்குள் கையை அளைந்துகொண்டே இருப்பதுதான் சுகம். அவர்களுக்கு ஒரு தாம்பாளம் நிறைய மாவு தனியாக வையுங்கள், அதுவும் பங்கெடுப்புதான். ஆக உலர்மாவு, பாட்டில் மாவு, சாக்பீஸ், பிரஷ் நாலும் இருக்கட்டும். வடிகட்டாவிட்டால் பாட்டில் மூக்கு அடைத்துக்கொள்ளும், மறந்துவிடாதீர்கள்.

படி 5: வரைதல்

முந்தின நாள் மாலையே பெரியவர்கள் இருவர் கயிறு பிடித்து, ஒன்றரை அடிக்கு ஒரு புள்ளியாக 40 புள்ளி சாக்பீஸில் வையுங்கள். மொத்தம் 60 அடி வரும். பத்துக் குடும்பத்துக்கு நாலு நாலு புள்ளி, அதாவது ஆளுக்கு ஆறடி. ஒருவர் பகுதி முடிந்து அடுத்தவர் பகுதி தொடங்கும் இடம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வரும். அங்கே சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு வையுங்கள். கோடு அந்த இடத்தில்தான் குறுக்காகக் கடக்க வேண்டும். இது சரியாக இருந்தால் யார் முதலில் முடித்தாலும் கடைசியில் கோடு சேர்ந்துவிடும். பக்கத்தில் இன்னொருவர் உரசுவது பிடிக்காத பிள்ளைக்கு வரிசையின் ஓரப் பகுதியைக் கொடுங்கள்.

தாறுமாறாக வந்த கோட்டை யாரும் திருத்த வேண்டாம். கை பிடித்துப் போட வைக்கவும் வேண்டாம். ஒரு பையன் தன் நாலு புள்ளியையும் விட்டுவிட்டு ஓரமாக முப்பது சிறு வட்டம் போட்டான். அப்படியே விட்டோம். அவன் அண்ணன் கோட்டை மட்டும் இழுத்துச் சேர்த்துவிட்டான்.

கோலம் முடிந்ததும் ஒவ்வொரு பகுதிக்கும் கீழே அந்தந்த வீட்டின் வாக்கியத்தைச் சாக்பீஸில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

படி 6: பார்க்க வருகிறவர்கள்

கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தபடி படிக்கச் சொல்லுங்கள். உரை வேண்டாம், இரண்டு தன்னார்வலர்கள் நின்றால் போதும். கேள்விகள் நிச்சயம் வரும். "தடுப்பூசியாலா?" இல்லை. அப்படி ஒரு தொடர்பு இருக்கலாம் என்று கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. "அம்மா சரியாகக் கவனிக்கலையோ?" இதற்கு மட்டும் தயங்காமல், எல்லோர் காதிலும் விழும்படி "இல்லை" என்று சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருக்கிற ஏதோவோர் அம்மாவுக்கு அது தேவைப்படும்.

யாராவது ஓரமாகக் கூப்பிட்டு, "எங்க பேரனும் இன்னும் பேசலைம்மா" என்பார்கள். தெருவில் நின்று ஆட்டிசமா இல்லையா என்று நாம் சொல்லக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிள்ளைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைக் கேட்டுப் போகச் சொல்லுங்கள்; சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் (NIEPMD) இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று, எனவே சான்றிதழ் வாங்கலாம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். இவற்றை ஒரு துண்டுச்சீட்டில் அச்சிட்டுக் கையில் வைத்திருப்பது நல்லது.

புகைப்படம் எடுப்பவர்களிடம் கோலத்தையும் கைகளையும் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். முகம் வேண்டுமென்றால் பெற்றோரிடமும் கேட்க வேண்டும், பிள்ளையிடமும் கேட்க வேண்டும்.

படி 7: மறுநாள்

அந்த வாரமே உங்கள் தெரு மளிகைக்கடைக்கும் சலூனுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். கூட்டமில்லாத மதிய வேளையில் டிவியை அணைத்துவிட்டு, மெஷினுக்குப் பதில் கத்திரியால் முடி வெட்ட முடியுமா என்று நாங்கள் சலூன் அண்ணனிடம் கேட்டோம். "இதுக்கென்ன, வியாழக்கிழமை மூணு மணிக்குக் கூட்டி வாங்க" என்றார். இப்போது மூன்று பிள்ளைகள் அங்கேதான் முடி வெட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. கோலம் அன்று மதியத்துக்குள் அழிந்துவிடும். நடப்பவர்கள் மிதிப்பார்கள், அரிசிமாவுக்கு எறும்பு வரும். இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அட்டையில் நாலாவது படமாகக் காலித் தரையை ஒட்டிவிடலாம். என் மகன் தன் நாலு புள்ளியையும் என் போனில் படம் எடுத்துக்கொண்டான். அப்புறம் வாளித் தண்ணீரை அவனே ஊற்றினான்.