விரிப்பு போட்டால் மட்டும் குட்டி பழகிவிடாது: நாய்க்குட்டிப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எட்டு வாரக் குட்டி ஒன்று, தனக்காகப் போட்டு வைத்த விரிப்பைத் தாண்டி நடந்து, குளியலறை வாசலில் கிடக்கும் கால்மிதியில் நின்று சிறுநீர் கழிக்கிறது. "வேண்டுமென்றே செய்கிறது பார்" என்கிறார்கள் வீட்டில். குட்டியின் இடத்திலிருந்து பாருங்கள். மெத்தென்று துணி போல் இருக்கும் ஒன்றின் மேல் போக வேண்டும் என்று அதன் பாதங்கள் கற்றுக்கொண்டிருக்கின்றன. கால்மிதியும் மெத்தென்றுதான் இருக்கிறது.

பப்பி பேட் என்று விற்கப்படும் உறிஞ்சும் விரிப்பைப் பயன்படுத்துகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஏழு முதல் ஒன்பது வார வயதில், காலுக்கு அடியில் என்ன இருந்தால் அங்கே கழிக்கலாம் என்ற விருப்பம் குட்டிக்கு உருவாகிறது. புல்லில் பழகிய குட்டி புல்லைத் தேடும். சிமென்டுத் தரையில் பழகியது சிமென்டைத் தேடும். அதனால் பயிற்சி நடக்கும் வாரங்களில் கம்பளம், கால்மிதி, தரையில் விழுந்து கிடக்கும் துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். குட்டி நடமாடும் இடத்தில் மெத்தென்ற பொருள் அந்த விரிப்பு ஒன்றாக மட்டுமே இருக்கட்டும்.

ஒரே ஒரு விரிப்பை மூலையில் போட்டுவிட்டுக் காத்திருப்பது அடுத்த தவறு. குட்டிக்கு இன்னும் குறி பார்க்கத் தெரியாது. முன்கால்கள் இரண்டும் விரிப்பில் இருந்தாலே தான் சரியான இடத்தில் நிற்பதாக அது நினைத்துக்கொள்கிறது; சிறுநீர் விழுவது தரையில். தொடக்கத்தில் மூன்று நான்கு விரிப்புகளைச் சேர்த்துப் போட்டு, குட்டி எந்தப் பகுதியை விரும்புகிறது என்று கவனித்து, மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். சாப்பாட்டுத் தட்டுக்கும் படுக்கைக்கும் பக்கத்தில் போட வேண்டாம். உண்ணும் இடத்தையும் உறங்கும் இடத்தையும் அசுத்தம் செய்யாதிருப்பது நாயின் இயல்பு. அதற்காக வீட்டின் மறுகோடியில் வைத்தாலும் பயனில்லை, குட்டியால் அதுவரை அடக்கிக்கொண்டு ஓட முடியாது.

எவ்வளவு நேரம் அடக்க முடியும்? வயது எத்தனை மாதமோ அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வருவது அதிகபட்ச மணி நேரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். ஆனால் இது குட்டி ஓய்ந்து கிடக்கும்போது பொருந்தும் கணக்கு. ஓடி விளையாடும் குட்டிக்கு அரை மணி நேரத்திலேயே வந்துவிடும், சிறிய இனங்களுக்கு இன்னும் சீக்கிரம். தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்ட சில நிமிடங்களில், விளையாடி முடித்தவுடன், இரவு படுக்கும் முன் என ஒவ்வொரு முறையும் நீங்களே அதை விரிப்புக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தானாகப் போகட்டும் என்று விட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. விளையாட்டை நடுவில் நிறுத்திவிட்டுத் தரையை முகர்ந்தபடி வட்டமிடத் தொடங்கினால், உங்களுக்கு இருப்பது சில நொடிகள்தான். அந்த நொடிகளைக் கவனிக்க முடியாத வேளைகளில், தடுப்பு வைத்த ஒரு சிறிய பகுதியில் குட்டியை விரிப்போடு விட்டுவிடுவது நல்லது. மூன்று நாள் சரியாகப் போனதும் வீடு முழுவதையும் திறந்துவிடுகிறார்கள். அது அவசரம், அறைகளை ஒவ்வொன்றாகத் திறங்கள்.

இப்போது திட்டுவதைப் பற்றி. குட்டியின் மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இது கொடுமை. பயனற்றதும்கூட. நடந்து முடிந்து சில நிமிடங்கள் கழித்துக் கிடைக்கும் தண்டனையை, முன்பு செய்த செயலோடு நாயால் இணைக்க முடியாது. கண்ணெதிரே கழிக்கும்போதே கத்தினால் அது கற்றுக்கொள்வது வேறு பாடம்: மனிதர் பார்க்கும்போது கழிப்பது ஆபத்து. அதற்குப் பிறகு சோபாவுக்குப் பின்னால் போய்க் கழிக்கும். நீங்கள் விரிப்பின் அருகில் காத்து நின்றால் அடக்கிக்கொண்டு உங்களையே பார்க்கும். அந்தப் பயத்தைப் போக்கப் பல வாரங்கள் ஆகின்றன.

"ஆனால் அதன் முகத்தைப் பாருங்கள், தப்பு என்று அதற்கே தெரிகிறது" என்பார்கள். அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்து 2009ஆம் ஆண்டு வெளியிட்டார். தின்னக் கூடாது என்று சொல்லி வைத்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும், அந்தக் குற்ற உணர்வு முகத்துக்கும் தொடர்பு இல்லை. உரிமையாளர் திட்டும்போதுதான் அந்த முகம் வந்தது. தவறே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. தாழ்ந்த தலையும் ஒடுங்கிய காதுகளும் உங்கள் கோபத்துக்கு நாய் தரும் பதில். அதைக் குற்ற ஒப்புதல் என்று படித்துக்கொண்டு மேலும் திட்டாதீர்கள். தவறான இடத்தில் கழிப்பதைப் பார்த்தால், சத்தமில்லாமல் தூக்கி விரிப்பில் விடுங்கள். மீதியை அங்கே கழித்தால் பாராட்டுங்கள்.

பாராட்டிலும் நேரம் முக்கியம். கழித்து முடித்த ஓரிரு நொடிகளில் தின்பண்டம் வாய்க்குப் போக வேண்டும். சமையலறைக்குப் போய் டப்பாவைத் திறந்து எடுத்து வருவதற்குள், குட்டிக்கு அது உங்கள் பின்னால் ஓடி வந்ததற்கான பரிசாகிவிடுகிறது. தின்பண்டத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.

சுத்தம் செய்வதில் ஒரு தவறு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தின் வாடை சிறுநீர் வாடையை ஒத்தது; அதனால் துடைத்தால் அந்த இடத்துக்கே குட்டியை மீண்டும் அழைக்கிறீர்கள். நம் மூக்குக்கு வாடை போய்விட்டால் நாயின் மூக்குக்கும் போய்விட்டதாக ஆகாது. சிறுநீரில் உள்ள பொருட்களைச் சிதைக்கும் நொதி கலந்த திரவமே பயன்படும். விரிப்பைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ்: லேசான வாடை அங்கே இருப்பது நல்லது. புதிய விரிப்பு போடும்போது பழையதிலிருந்து ஒரு சிறு துண்டை அடியில் வைக்கலாம். ஆனால் நனைந்து ஊறியதை மாற்றாமல் விட்டால் குட்டியே அதை ஒதுக்கிவிடும்.

விரிப்பைக் கடித்து விளையாட விடாதீர்கள். உள்ளே இருக்கும் உறிஞ்சும் பொருள் ஈரம் பட்டால் ஊதிப் பெரிதாகும். நிறைய விழுங்கினால் குடல் அடைபடலாம். விளிம்புகளைப் பிடித்துக்கொள்ளும் சட்டத்தில் பொருத்தி வையுங்கள். சிறுநீர் குறையட்டும் என்று பகலில் தண்ணீரைத் தடுப்பதும் வேண்டாம்.

சில வேளைகளில் பயிற்சியில் குறையே இருக்காது. நீங்கள் வீடு திரும்பியதும் மகிழ்ச்சியில் சொட்டுவிடும் குட்டி, குனிந்து தொடப்போனால் பயந்து சொட்டுவிடும் குட்டி இரண்டும் அறியாமல் செய்கின்றன. அமைதியாக உள்ளே வந்து, பக்கவாட்டில் உட்கார்ந்து வரவேற்றால் வளர வளரக் குறையும். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி சிறிது சிறிதாகக் கழித்தாலோ, முக்கினாலோ, சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்றாக இருக்கலாம்.

தடுப்பூசிகள் முடியும்வரை வீட்டுக்குள்ளேயே பழக்க வேண்டியிருப்பதால்தான் பலர் விரிப்பை நாடுகிறார்கள். குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. மருத்துவர் அனுமதித்ததும் விரிப்பை ஒரே நாளில் எடுத்து வீசிவிட்டு வெளியே அழைத்துப் போனால், ஒரு மணி நேரம் நடந்தும் ஒரு சொட்டுக்கூட விடாமல் அடக்கி, வீட்டுக்குள் நுழைந்ததும் விரிப்பு கிடந்த இடத்தில் கழிக்கும். காலுக்குத் தெரிந்த இடம் அதுதானே. விரிப்பை நாளுக்கு ஓரிரு அடி வீதம் வாசல் நோக்கி நகர்த்துங்கள். பிறகு வெளியே மண்ணின் மேலோ புல்லின் மேலோ அதையே போட்டு, அங்கே கழிக்கத் தொடங்கியதும் சில நாட்களுக்கு ஒருமுறை வெட்டிச் சிறிதாக்கிக்கொண்டே போங்கள். உள்ளங்கை அளவுத் துண்டானதும், குட்டி புல்லில்தான் நின்றுகொண்டிருக்கும்.