கடாயின் அடியைத் திருப்பிப் பார்

வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் 18 வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருபவர்கள்: மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு நான் சொல்வதுதான் இது.

வந்து நிற்கிற கோலத்தை வைத்து ஆளை முடிவு பண்ணாதே தம்பி. ஹவுராவில் ஏறினால் காட்பாடியில் இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். கூட்டத்தில் கால் மடக்கி உட்கார்ந்து வந்தவன் சிடுசிடுக்கத்தான் செய்வான். குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழட்டும். அப்புறம் பார்.

நெற்றியையும் தாடியையும் பார்க்கவே பார்க்காதே. சிப்பாய்கள் நெற்றிக்குறி இடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுத்தான் 1806-ல் நம்ம ஊர்க் கோட்டையில் வெள்ளைக்காரன் வாங்கிக் கட்டிக்கொண்டான். அடையாள அட்டை நகலை எல்லோரிடமும் வாங்கு. வெளிநாட்டவர் என்றால் அவர் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்கு ஆன்லைனில் ஏற்றிவிடு. அதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

சரி, எதைத்தான் பார்ப்பது? சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பார். ஃபைல் யார் கையில் இருக்கிறது, படியேறும்போது நோயாளிக்காக யார் நிற்கிறார்கள், தண்ணீர் கேனுக்கு ரூம் பாயை எப்படிக் கூப்பிடுகிறார்கள்.

ஒருமுறை ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் மோதிரம், வாய் நிறைய 'நமஸ்தே'. பையனை மட்டும் விரலைச் சொடுக்கித்தான் கூப்பிட்டார். கண்ணில் பட்டும் விட்டுவிட்டேன். நாலு நாள் வாடகையோடு இரண்டு பெட்ஷீட்டும் போனது.

இன்னொருவர் லுங்கி, வெற்றிலைக் கறைப் பல். வாடகையில் 50 ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் மல்லுக்கட்டினார். எரிச்சலில் ஒரு வார அட்வான்ஸ் கேட்டேன். பேசாமல் எண்ணி வைத்தார். பக்கத்து அறைக்காரருக்கு ஆபரேஷன், ரத்தம் வேண்டும் என்ற பேச்சு காதில் விழுந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் இவர்தான். அந்த அறைக்காரர்கள் வேறு ஊர், வேறு பாஷை.

சமைத்துச் சாப்பிடுபவர்களுக்கு அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குத் தருகிறோம். திருப்பித் தரும்போது கடாயைக் கவிழ்த்துப் பார். உள்பக்கத்தை எல்லோரும் கழுவுவார்கள். கடுகெண்ணெய் வழிந்து கருகிய அடிப்பக்கத்தை, அடுத்து வருபவனை நினைக்கிறவன்தான் தேய்ப்பான். லுங்கிக்காரர் கொடுத்த கடாயின் அடியில், கடையில் வாங்கியபோது இருந்த கம்பெனி முத்திரை தெரிந்தது. நானே அதை மறந்து போயிருந்தேன்.

காலி செய்யும்போதும் 50 ரூபாய் குறைக்கச் சொன்னார். குறைத்தேன்.